அந்தத் தாசன் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. டென்ஷன் மட்டும் உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தேவசகாயம். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது சர்ச்சே கதி. ஒரே மகள் ஷீபாவுக்கு டொரண்டோவில் வேலை. அங்கே டேனியல் என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது. பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு ஏக சந்தோஷம் — நம்மாளு! அப்புறம்தான் தெரிந்தது, பையன் யூதன்.

தேவசகாயம் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"பையனோட அப்பா வரட்டும் டீச்சர். ஏசாயா அம்பத்தி மூணாம் அதிகாரத்துக்கு என்னா பதில் சொல்றாருன்னு பாக்குறேன். அப்புறம்தான் கல்யாணப் பேச்சு. நீங்கதான் இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லணும்."

என்ன அதிகாரம் அது? கடவுளின் தாசன் ஒருவரைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசி சொல்கிறார். அவர் அடிபடுகிறார், அவமானப்படுகிறார், மற்றவர்களின் பாவத்தைச் சுமக்கிறார்... ஆனால் வாயே திறப்பதில்லை. யார் அவர்? கிறிஸ்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை — இயேசு. யூதர்களில் பெரும்பாலோர் சொல்வது வேறு — அது எங்கள் ஜனம்தான்! பல நூற்றாண்டு வழக்கு.

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? கோவில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன காஞ்சிபுரம்தானே நம்முடையது!

பையனின் அப்பா ஆரோன், பல் டாக்டர், மனைவியை இழந்தவர். ஷீபாவே கூட்டிக்கொண்டு வந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு இறைச்சியில் ஏகப்பட்ட விதிமுறைகள் என்பதால் பிரியாணி ரத்து. இட்லி, வடை, சாம்பார்.

இலை போட்ட கையோடு பைபிளும் வந்துவிட்டது.

ஷீபா என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். நான் புடவை, வெயில், டிராஃபிக் என்று பேச்சை இழுத்துப் பார்த்தேன்.

"சுத்தி வளைக்காதீங்க டீச்சர். அந்தத் தாசன் யாரு? அதைக் கேளுங்க."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆரோன் சாப்பிடுவதை நிறுத்தினார். "எங்களைப் பொறுத்தவரை, இஸ்ரவேல் மக்கள்."

"ஒருத்தர்னுதானே போட்டிருக்குது? ஜனங்கன்னு இல்லையே!"

"அதற்கு முந்தைய அதிகாரங்களைப் பாருங்கள். இஸ்ரவேலை 'என் தாசன்' என்று ஒருமையில்தானே கடவுள் கூப்பிடுகிறார்?"

தேவசகாயம் பக்கங்களைப் புரட்டினார். இருந்தது. ஆனால் விடுவாரா?

"சரி... ஆனா இஸ்ரவேல் பட்டது அவங்க செஞ்ச தப்புக்குன்னு இதே ஏசாயாதான திட்டுறாரு? இவரு அடுத்தவங்க பாவத்துக்கில்ல அடிபடறாரு?"

ஆரோன் சிரித்துவிட்டார். "நல்ல கேள்வி. எங்கள் பெரியவர்களுக்குள்ளேயே இதில் சண்டை. சிலர் மோசே என்றார்கள். வரப்போகும் மேசியா என்றவர்களும் உண்டு."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"என் அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தபோது," ஆரோன் மெதுவாகச் சொன்னார், "மற்ற பையன்கள் அவரைச் சுவரோரமாக நிறுத்தி இதே கேள்வியைக் கேட்பார்களாம். என்ன பதில் சொன்னாலும் அடி விழும். எங்கள் வீட்டில் இந்த அதிகாரத்தை யாரும் சத்தமாகப் படித்ததே இல்லை."

இதை எப்படித் தமிழில் சொல்வது? சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல்.

தேவசகாயத்தின் முகம் சிறுத்துப்போனது. பைபிளை மூடினார்.

"நானும் அதே மாதிரி நிக்க வெச்சுக் கேட்டுட்டனே டீச்சர்... மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"அதே மாதிரி இல்லை," என்றார் ஆரோன். "நீங்கள் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டீர்கள். பதில் சொன்னதும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தீர்கள். என் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை."

தேவசகாயம் பைபிளை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு, "அது இயேசுதான். அதுல எனக்கு மாத்தமே இல்ல" என்றார்.

போச்சு!

"ஆனா அவரு வேற மாதிரி படிச்சா என் பொண்ணுக்கு என்னா குறைஞ்சிடும்? ஷீபா, என்னா பாத்துக்கினு நிக்கிற? சம்பந்தி எலையில இட்லி இல்ல பாரும்மா!"

சம்பந்தி! ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டே இட்லி எடுக்க ஓடினாள்.

"என்ன சொன்னார்?" என்று ஆரோன் என்னைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் இங்கிலீஷ் பாடம் நடத்தியவள் திருதிருவென்று முழித்தேன். சம்பந்திக்கு இங்கிலீஷில் ஏது வார்த்தை? "அதாவது... பிள்ளைகளின் கல்யாணத்தால் உறவாகிப்போகிற இரண்டு அப்பாக்கள்..."

ஆரோனின் முகம் அப்படியே மலர்ந்தது. "எங்களிடம் அதற்கு வார்த்தை இருக்கிறதே! மெஹுத்தான்!"

"மெ...ஹுத்தான்," என்று தேவசகாயம் சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் பசியே எடுத்தது.

இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இரண்டு தரப்பிலும் ஒரே வியாக்கியானம் — கல்யாணம் சர்ச்சிலா, வேறெங்கா என்ற பேச்சு வரும் வரைக்குமாவது!