கருப்பரிடம் கட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதி இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் இருந்தது கீரனூருக்கு மேற்கே, பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி. எங்களுக்குக் கொஞ்சம் கடலைக்காடு, ஒரு ஜோடி மாடு, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள் என்று அவருக்கு ஊரெல்லாம் பெருமை. அந்தப் படிப்புதான் பிற்பாடு எனக்கு வினையாக வந்தது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடலை மூட்டை ஏற்றிய வண்டி கண்மாய்க்கரைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாடு இழுக்கவில்லை. இவர் வண்டிக்கு அடியில் முதுகைக் கொடுத்து நெம்பினார். வண்டி ஏறிவிட்டது. இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதுகில் என்னமோ சடக்கென்றது என்றார். புதன்கிழமை வலி இரண்டு காலிலும் இறங்கியது. அன்று சாயங்காலத்திலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. உட்காரும் இடத்தில் கிள்ளினால்கூடத் தெரியவில்லை என்று என்னிடம் மட்டும், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கவில்லை. மந்திரிக்கவில்லை. வியாழக்கிழமை, முதல் பஸ்.

நர்ஸம்மா பக்கத்தில் நின்றதால் இவர் டாக்டரிடம் "இடுப்பு வலிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெட்கப்பட்டால் ஆகுமா என்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். மூத்திரம் இறங்காததைச் சொன்னேன், மரத்துப்போன இடத்தையும் சொன்னேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் நான் சொல்லச் சொல்ல ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதினார். எழுதி முடித்து, "வாயுப் பிடிப்பு. ஊசி போட்டுக்கிட்டுப் போ. ஒரு வாரம் கழிச்சு வா" என்றார்.

"ஒண்ணுக்கே போகலைங்களே" என்றேன்.

"போகும் போகும். நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லு."

டாக்டர் சொன்னதை நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பத் திருப்ப, "சின்னப்புள்ள மாதிரி அடம் பிடிக்காதீங்க" என்று திட்டிக் குடிக்க வைத்தேன். சனிக்கிழமை வயிறு பானையாக வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் படுக்கப் போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் விட்டு எடுத்தார்கள். ஆனால் அதற்குள் இரண்டு காலும் செத்துவிட்டன. நான் கொடுத்த தண்ணீரால் கால் போகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இருந்தும் இன்றுவரை யாருக்காவது தண்ணீர் நீட்டும்போது எனக்குக் கை கூசும்.

திங்கட்கிழமை காலையில் அதே டாக்டர் வார்டுக்கு வந்தார். எங்களைப் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. பத்துப் பேர் கேட்க, "இத்தன நாள் எங்கம்மா போனீங்க? வீட்டுலயே வச்சு முத்த விட்டுட்டு லேட்டாக் கொண்டாந்தா நாங்க என்ன பண்றது?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம்ல" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். என் அண்ணனே அதைத்தான் சொன்னான். டாக்டர் பொய் சொல்லுவாரா? இவர் எல்லோரிடமும், "வெயாழக்கெழமையே போயிட்டமப்பா" என்பார். அவர்களும் நோயாளியிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்பதற்காகத் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் இவருக்கு ஆத்திரம் தாங்காது.

ஆனியில் திருச்சிக்கு, பஸ்ஸின் கடைசி சீட்டில் படுக்க வைத்து, ஒரு பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷர். முழுவதும் கேட்டார். முதுகெலும்புக்குள் சவ்வு பிதுங்கி நரம்புக் கொத்தை நசுக்கிவிட்டது என்று விரலை மடக்கிக் காட்டினார். "மூத்திரம் நின்ன அன்னைக்கே மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கணும். முதுகத் திறந்து எடுத்திருந்தா நடக்க வாய்ப்பு இருந்துச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"இதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க சாமி" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு டாக்டரைப் பற்றி அப்படி எழுதித் தரமாட்டார்களாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சொன்னார்: "நட்ட ஈடு குடுத்தாக் குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டும் புள்ள. நாம நேரத்துக்குத்தான் போனோம், தப்பு அவுகளோடதுன்னு ஒரு எழுத்து வேணும். அத வாங்கிக் குடு." அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேறெதையும் கேட்டதில்லை.

வக்கீலிடம் போகலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சர்க்கார் டாக்டர் மீது கேஸ் போடலாம் என்று கேள்விப்பட்டவர்கள் யார் இருந்தார்கள்? எங்கள் பக்கம் அநியாயம் நடந்தால் கருப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். ஆடு திருடு போனாலும், வரப்பு வெட்டினாலும், குறையைக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, மஞ்சள் நூலால் கருப்பர் வேலில் கட்டிவிட வேண்டும். ஆடிப் படையலில் கட்டினால் அடுத்த ஆடிப் படையல் வரை அவருக்குக் கெடு. அதற்குள் கேட்டுவிடுவார். பூசாரி எனக்கு ஒரு யோசனையும் சொன்னார். "எதிராளி கைப்பட எழுதுன எழுத்து எதுனா இருக்கா ஆத்தா? அதுலயே கட்டுனா கருப்பரு சீக்கிரமாப் புடிச்சிருவாரு."

இருந்தது. அந்த வியாழக்கிழமைச் சீட்டு. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் அது அந்த டாக்டர் கையெழுத்து என்று தெரியும். சீட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் என் கையால் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு முழுவதையும் அதில் காட்டினேன். "கருப்பா, என் வீட்டுக்காரர் காலைப் பிடுங்கிய டாக்டரின் கால் விளங்காமல் போகவேண்டும். அவன் ஒண்ணுக்குப் போக முடியாமல் வயிறு வெடிக்க வேண்டும்." இன்னும் இருந்தது. அதையெல்லாம் இங்கே எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

நூலை முடிந்தபோது பூசாரி சொன்னார்: "ஒரு எடத்துல பிராது வச்சா வச்சதுதான் ஆத்தா. கெடு முடியிற வரைக்கும் போலீசு, கோர்ட்டு, இன்னொரு சாமின்னு போயிரக் கூடாது. போனா இவரு கைய விட்டுருவாரு."

நாங்கள் போகவில்லை. ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தோம். மூத்திரக் குழாய் மாற்றுவதற்கு மாதம் ஒருதரம் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி கட்டவேண்டும். போகும்போதெல்லாம் அந்த டாக்டர் நடப்பதைப் பார்ப்பேன். நொண்டுகிறாரா என்று பார்ப்பேன். நன்றாகத்தான் நடந்தார். பங்குனியில் அவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்து வேறு ஊருக்குப் போனார். மாலை போட்டு அனுப்பினார்களாம். இங்கே மாடு இரண்டும் விற்றாயிற்று. காடு தரிசாகக் கிடந்தது. படுக்கைப் புண்ணில் நான் மருந்து வைக்கும்போதெல்லாம் இவர், "ஆடி வர எத்தன நாளு புள்ள இருக்கு?" என்று கேட்பார்.

ஆடி வந்தது, போனது. படையல் முடிந்த மறுநாள் விடியக்காலையில் இவர், "கருப்பரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு போல. நீ வக்கீல்ட்டப் போ" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொத நாள் ஓ.பி. சீட்டு இருக்கா? அது இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. அது இல்லாம ஐயா கேஸையே தொடமாட்டாரு" என்றார்.

நேரே கோயிலுக்குப் போனேன். பூசாரி முடிச்சைத் தொட மறுத்துவிட்டார். "கட்டுனத அவுக்கணும்னா வாபஸ் வாங்கணும் ஆத்தா. மனசுல வஞ்சம் இல்ல, மன்னிச்சுட்டேன்னு கருப்பரு காது கேக்க மூணு தரம் சொல்லணும். சொல்லாம அவுத்தா, நீங்க கேட்டது ஒங்க வீட்டுக்கே திரும்பிரும்."

என் வீட்டில் திரும்பி வருவதற்கு இனி என்ன இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. குழந்தை இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன். வேலுக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுட்டேன்" என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றும் பொய். கருப்பருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் செய்யாமல் நின்றதைப் போலவே அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வேலில் அந்தச் சீட்டுக்கு மேல் பின்னால் வந்த எத்தனையோ பிராதுகள் கட்டியிருந்ததால் மழை அதிகம் படவில்லை. எழுத்து அழியவில்லை. மறுநாள் வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, எனக்குத் தமிழில் சொன்னார். "நேற்று மாலையிலிருந்து மூத்திரம் இறங்கவில்லை. உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை. இரண்டு காலும் பலவீனம்." அதற்குக் கீழே ஊசியின் பெயர், ஒரு வாரம் கழித்து வரவும், கையெழுத்து, தேதி.

நான் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. அந்த மனுஷர் கேட்டிருக்கிறார், கேட்டு எழுதியும் இருக்கிறார். எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். "அப்ப கேஸு நமக்குத்தானுங்களே?" என்றேன்.

வக்கீல் தேதியின்மேல் விரலை வைத்தார். "ஏம்மா, இது போன வருஷம் வைகாசி. இந்த மாதிரி நஷ்டஈட்டுக்கு ஒரு வருஷத்துக்குள்ள தாவா போடணும். ரெண்டு மாசம் தாண்டிருச்சே. இத்தன கெட்டியா ஆதாரத்தக் கையில வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் என்ன பண்ணுனீங்க?"

அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. மடித்து என் கையில் கொடுத்தார். "இத யாருகிட்டயும் காட்டாதம்மா. ஒம்மேல கேஸு போட்டாலும் போட்டுருவாங்க" என்றார். பீஸ் வாங்கவில்லை. கலெக்டருக்கு ஒரு கருணை மனு எழுதிக் கொடுத்தார்.

மனு கலெக்டர் இருந்த திருச்சிக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். புது டாக்டர் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆபீஸ் கிளார்க்தான் பார்த்தார். குடும்ப நிலையை உத்தேசித்து எனக்கு அங்கேயே ஆயா வேலை கொடுப்பதாக உத்தரவாகியிருந்தது. டைப் அடித்த ஒரு காகிதத்தை நீட்டி, ஒப்பம் போடச் சொன்னார். மற்றவர்களாக இருந்தால் கைநாட்டு வைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். நான் படித்தேன். "என் கணவரின் நோயை வீட்டில் முற்றவிட்டு, தாமதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததே அவருடைய நிலைமைக்குக் காரணம். இதில் டாக்டர் மீதோ சர்க்கார் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை."

"இந்த மொத வரிய மட்டும் எடுத்துருங்க. மத்ததுக்குப் போடுறேன்."

"டைப் அடிச்சாச்சும்மா. அந்த வரி இல்லேன்னா வேலையும் இல்ல. யோசிச்சுக்கங்க. வெளிய நாலு பேரு நிக்கிறாங்க."

நான் யோசிக்கவில்லை. காலையில் குழந்தைக்கு நீராகாரம்கூட இல்லாமல்தான் கிளம்பியிருந்தேன். குண்டு குண்டாக என் பெயரை எழுதினேன். நகல் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலை கிடைத்ததைச் சொன்னேன். இவருக்கு முகம் மலர்ந்தது. என் மடியில் காகிதம் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "எழுதிக் குடுத்துட்டாகளா? வாசி, வாசி" என்று முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். மாற்றி வாசித்திருக்கலாம். எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன், மாற்றித்தான் வாசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பொய் ஓடவில்லை. இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.

இவர் மெல்லத் தலையைத் தலையணையில் வைத்தார். "கீழ யாரு ஒப்பம் போட்டுருக்கா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"ம்" என்றார். அழவில்லை, திட்டவில்லை. மறுநாள் என் அண்ணன் பார்க்க வந்து, வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்ன இருந்தாலும் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம் மாப்பிள்ள" என்றான்.

"ஆமா மச்சான்" என்றார் இவர். "நாங்கதான் லேட்டாப் போயிட்டோம்."