நீல மையில் ஓர் உசாத்துணை

என் ஆய்வேட்டின் ஒரு பிரதியில், ஆதார நூல்களைச் சொல்லும் உசாத்துணைப் பட்டியல் இருக்கும் பக்கத்தில், அச்சடித்த இரண்டு பெயர்களுக்கு நடுவே நீல மையில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் நெடுந்தீவில் மாடு வளர்த்த ஓர் அக்கா. பல்கலைக்கழகத்தில் நான், பட்டியலில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் புள்ளி குறைக்கிறவள். மாணவர்கள் அதற்காக எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். அந்த நீல வரியில் குறை சொல்ல எனக்கு ஒரு காற்புள்ளிகூட அகப்படவில்லை.

நெடுந்தீவுக் கிணறுகள் எப்படி உவராகின்றன என்பதுதான் என் ஆய்வு. நாரந்தனையில் என் வீட்டில் இருந்து பஸ் பிடித்து, பிறகு படகேறி, ஒரு வருடம் போய் வந்தேன். உப்பை அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தேன். கருவி அன்றைய தண்ணீரைத்தான் சொல்லும். முன்பு எப்படி இருந்தது என்று சொன்னவர் அக்கா. எந்தக் கிணற்றில் எந்த மாதம் மாடு வாய் வைக்காமல் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். "சிவப்பி குடியாட்டி நாங்களும் குடியம். அவளுக்குத் தெரிஞ்சது உம்மடை மெசினுக்குத் தெரியாது" என்பார், தன் சிவப்புப் பசுவைக் காட்டி. மாட்டுப் பட்டிக்கு அருகே இருந்த அவருடைய பட்டியடிக் கிணறு மட்டும் வருடம் முழுவதும் நல்ல தண்ணீர் தந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதல் வரைவில் அக்காவின் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் வெட்டினார். வாசகர் தேடிப் பார்க்கக்கூடியது மட்டுமே பட்டியலுக்கு வரலாம், வாய்ச்சொல்லுக்கு உள்ளே அடைப்புக்குறியில் 'தனிப்பட்ட தொடர்பு' என்று போட்டால் போதும் என்பது விதி. விதியில் பிழை இல்லை. ஓரத்தில் அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: நேர்காணல்களைப் பெயர், ஊர், திகதியோடு பின்னிணைப்பாகத் தரலாம். இரண்டு நாள் வேலை. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது, பக்க எண்கள் எல்லாம் மாறும் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. அச்சான பிரதி ஒன்றை அக்காவிடம் கொடுத்தபோது அவர் அதைச் சாமிப் படத்தட்டில் வைத்தார்.

பிறகு அவருடைய காணிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு விடுதி கட்டினார்கள். அவர்களுடைய மோட்டர் பகல் முழுக்க இறைத்தது. சில மாதங்களில் பட்டியடிக் கிணறு கரிக்கத் தொடங்கியது. மோட்டரை நிறுத்தச் சொல்லி அக்கா ஓர் அலுவலகத்தில் முறையிட்டார். முந்தி நல்ல தண்ணீர் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். என் ஆய்வேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறார். அடுத்த படகில் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"நான் சொன்னதைத்தான் நீர் எழுதியிருக்கிறீராம். அதையே நான் ஆதாரம் எண்டு கொண்டு வரலாமோ எண்டு கேக்கினம். பின்னுக்கு இருக்கிற பட்டியலிலை என்ரை பேரும் இல்லையாம்."

வகுப்பில் சொல்வதுபோல விதியை விளக்கினேன். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"தேடிப் பாக்க ஏலாது எண்டோ? நான் வீட்டிலைதானே இருக்கிறன். வந்து கேக்கலாம்தானே."

குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். அந்தப் பின்னிணைப்பு இருந்திருந்தால் மோட்டர் நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நிற்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவர் கையில் காட்ட ஒரு தாளாவது இருந்திருக்கும். பிறகு நான் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அக்கா மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார். சிவப்பி கடைசியாகப் போனாள். வவுனியாவில் இருக்கும் மகளிடம் போகும் வழியில் ஆய்வேட்டை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது வீட்டில் இல்லை. அது ஏன் திரும்பி வந்தது என்று தெரிந்ததால், பிரிக்காமலே அலுமாரிக்குள் தள்ளினேன். வெட்கமாக இருந்தது.

போன மாதம் அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னார், அம்மா தவறிவிட்டார் என்று. அதே வாரம் ஒரு மாணவியின் ஆய்வேடு திருத்த வந்தது. பட்டியடிக் கிணறு முன்பு வருடம் முழுவதும் நல்ல தண்ணீர் தந்தது என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் என் பெயரை மட்டும் போட்டிருந்தாள். இப்போது உசாத்துணைகளை எல்லாம் கணினியே ஒரு தட்டலில் ஒழுங்குபடுத்துகிறது. பிழை ஒன்றும் இல்லை. முழுப் புள்ளி கொடுத்தேன்.

அதன் பிறகுதான் அலுமாரியைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்தேன். அகர வரிசையில் சரியான இடத்தில் அக்கா தன்னைச் சேர்த்திருந்தார். பெயர், காற்புள்ளி, தலைப்பெழுத்து, முற்றுப்புள்ளி. பதிப்பகம் வரவேண்டிய இடத்தில் 'பட்டியடிக் கிணறு, நெடுந்தீவு.' ஒரே ஒரு பிழை, நூல் வெளியான வருடம் வரவேண்டிய அடைப்புக்குறிக்குள் இருந்த வருடம். அது அவர் பிறந்த வருடம். பெயருக்குப் பக்கத்தில் வருடம் இருந்தால் வேறென்ன என்று நினைத்திருப்பார். அப்படிப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பாதிப்பேர் பாலர் வகுப்புப் பிள்ளைகள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

திருத்துவதற்குப் பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். திருத்த ஒன்றும் இல்லை. இப்போது அவர் வீட்டில் இல்லை. விதி சொல்வதுபோலவே, அவரை இனி யாராலும் தேடிப் பார்க்க முடியாது.