ஒயரில் கட்டியிருந்த துணி

புனே கசார்வாடிப் பட்டறையின் மாடலை முதல் நாள் மாலையே அனுப்பிவிட்டேன். மறுநாள் மதியம் அங்கே உயரமான ஒரு மெஷின் வந்து இறங்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கமாக உள்ளே போகலாம் என்று மேஸ்திரி தன் போனிலேயே சுற்றிப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த மாடல்.

நான் எடுக்கும் நூற்றுக்கணக்கான போட்டோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகளால் ஓர் இடத்தையே கம்ப்யூட்டர் கட்டிக் காட்டும். அத்தனையையும் அவருடைய பழைய போன் தாங்காது, திறந்தாலே நின்றுவிடும். படத்துக்கு அதிகம் உதவாத புள்ளிகளைக் கழித்து மாடலைச் சிறிதாக்குவது என் வேலை. இந்த முறை பத்தில் ஒரு பங்காக்கியிருந்தேன். போனில் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஹடப்சர் ஆபீசில், சும்மா ஒரு பெருமைக்காக, பெரியதையும் சிறியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பெரியதில் பட்டறைக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கரண்ட் ஒயர் போனது. சிறியதில் அது இல்லை. மெல்லிய ஒயர், நாலைந்து போட்டோவில்தான் விழுந்திருந்தது. உதவாத புள்ளிகள் என்று கழித்திருக்கிறேன், பாவி.

மேஸ்திரிக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பட்டறைச் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது? ஸ்கூட்டியை எடுத்தேன். பழக்கதோஷத்தில் கேமரா பையும் தோளில் ஏறியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவரை நினைத்துக்கொண்டேன். முகம்கூடத் தெரியாத மனிதர். அவருக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

நான் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. வாசலில் ஃபோர்க்லிஃப்ட் மெஷினைத் தூக்கியபடி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் ஓடினேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர்.

"அண்ணா, நிறுத்தச் சொல்லுங்க. மேல ஒயர் போகுதுங்க, என் மாடல்ல அது விட்டுப்போச்சு."

"அரே, ருக்கோ" என்று டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். வண்டி நின்றது.

"டிரைவர் வெளியாளும்மா. உங்க மாடல காட்டினேன், ராஸ்தா காலியா இருக்குன்னார்" என்றார். அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் ஞாபகமே வரல பாருங்க. இங்க ஒயர யாரும் பாக்க மாட்டோம், துணியத்தான் பாப்போம். அதுல லால் கலர்ல ஒரு துணி கட்டி வெச்சிருந்தேனே, அது எங்க போச்சு?"

போட்டோ எடுத்த அன்று அந்தச் சிவப்புத் துணி ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடுகிற பொருள் மாடலில் புகைபோலக் கலங்கிவிடும். ஓர் ஆளை ஏணியில் ஏற்றி அவிழ்க்கச் சொன்னதே நான்தான். வேலை முடிந்ததும் திரும்பக் கட்டச் சொல்லலாம் என்றிருந்தேன்.

பையின் ஜிப்பைத் திறந்தேன். லென்ஸுக்கு அடியில் நான்காக மடித்தபடி கிடந்தது.

"என்கிட்டதாங்கண்ணா இருக்கு" என்றேன்.