அடுத்த படகு

என் மனைவிக்கு எங்கள் வீடு மறந்துபோகத் தொடங்கிய வருடத்தில் அந்தமானுக்குப் போனோம். புது இடம் காட்டினால் பழைய இடமும் கலங்கிவிடும், வேண்டாம் என்றார் டாக்டர். கீழ்வீட்டுக்காரர், எல்லோரும் அண்ணன் முறையில் 'தாதா' என்று கூப்பிடுகிறவர், வருடந்தோறும் அக்கம்பக்கத்தாரைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர், கடல்காற்று பட்டால் நினைவு திரும்பும் என்றார். வங்கியில் இருந்த காலமெல்லாம் ஆதாரம் இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தாதாவிடம் எதையும் கேட்கவில்லை. டாக்டரிடம் மருந்து தீர்ந்திருந்தது.

ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி, மூத்த குடிமக்கள் வரிசை, அவள் கைப்பையில் என் தொலைபேசி எண். குழுவோடு சமையல்காரரும் வந்தார். வங்காளிகள் சொர்க்கத்துக்குப் போனாலும் சமையல்காரரோடுதான் போவார்கள்.

அவள் கல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். போர்ட் பிளேர் சிறையில் வழிகாட்டி ஏதோ தப்பாகச் சொன்னதும் கையை உயர்த்தி நிறுத்தினாள். நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், ஒரு கைதியின் முகம் இன்னொருவருக்குத் தெரியாதபடி எப்படிக் கட்டினார்கள் என்று சுத்தமான வங்காளத்தில் பாடம் நடத்தினாள். குழு கைதட்டியது. தாதா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டாக்டரை வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் ராஸ் தீவு. வெள்ளைக்காரர்களின் நடன அரங்கு, ரொட்டிக் கிடங்கு, தேவாலயம், எல்லாச் சுவரையும் ஆலவேர் பிடித்திருந்தது. இடையில் மான்கள்.

"இங்க யாரு இருந்தாங்க?" என்றாள்.

"வெள்ளைக்காரங்க."

"எங்க போயிட்டாங்க?" பதிலுக்குக் காத்திராமல், "அடுத்த படகு எப்ப?" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு படகுத்துறையிலும் அதே கேள்விதான். ஹேவ்லாக் தீவின் வெண்மணலில் கடலைப் பார்க்காமல் படகைத் தேடினாள். நீல் தீவில் பாறைப் பாலத்துக்குப் போகும் வழி வழுக்கியது. கையைப் பிடித்தேன். நாசூக்காக விலக்கிக்கொண்டாள்.

"பரவால்ல சார், நானே நடந்துக்கறேன்."

"என்னைத் தெரியலையா உனக்கு?"

"தெரியாம என்ன? டிக்கெட்டெல்லாம் நீங்கதான பாத்துக்கறீங்க."

அதை மறுக்க முடியாது. எந்த அலுவலகத்திலும் ஒரு முடிவுக்கு மேல் முறையிட இன்னொரு மேசை இருக்கும். அந்தப் பாறைகளுக்கு நடுவே நின்று அப்படி ஒரு மேசையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவில் எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நடுக்கூடத்தில் நின்று சுவர்களை நிதானமாகப் பார்த்தாள். கல்யாணப் படத்தைக் காட்டினேன். அவள் புத்தக அலமாரியைத் திறந்தேன். உள்ளே அவள் கையெழுத்துப் போட்ட புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காட்டினேன். கடைசியில் மின்சார ரசீதைக்கூட நீட்டினேன், அது அவள் பெயரில் இருந்தது. எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தாள்.

"இங்க யாரு இருந்தாங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு டீச்சரம்மா. அவங்க வீட்டுக்காரர் பேங்க்ல ஆபீசர்."

"நல்லவங்களா?"

"டீச்சரம்மா ரொம்ப நல்லவங்க."

"எங்க போயிட்டாங்க?"

விரித்துவைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினேன். அவள் வற்புறுத்தவில்லை. சோபாவின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த படகு எப்ப சார்?"

"காலையில," என்றேன்.