அலகு தடித்தது, கறுப்பு

எங்கள் பறவைக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. குழுவில் யாரும் இதுவரை பார்க்காத பறவை என்றால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். இருவரும் குழு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஐப்பசி பிறந்த வாரம் புன்னைக்காயலில் நண்டுதின்னியைப் பார்த்ததாக நான் எழுதினேன். இரண்டாவது கையெழுத்து என் மனைவியுடையது. அவளுக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். குழுவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்தியது.

நண்டுதின்னி நம் கடற்கரைக்கு எப்போதாவது வந்துபோகும் பறவை. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, நண்டின் ஓட்டை உடைக்கத் தோதான தடித்த அலகு. அதற்காகப் பல வருடங்கள் அலைந்திருக்கிறேன். 'அலகு தடித்தது, கறுப்பு' என்று நோட்டில் அழுத்தி எழுதியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். குழு நோட்டு அவரிடம்தான் இருக்கும்.

"வே, நாளைக்கு அந்தப் பறவைய எனக்குக் காட்டும். நானும் பாத்துட்டா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவை அடித்துவிடுவார்கள். பிறகு நான் காக்கையைப் பார்த்தேன் என்றாலும் சாட்சி கேட்பார்கள். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பாளையங்கோட்டையில் அண்ணாச்சி, மனைவி, நான் மூவரும் கிளம்பும்போது மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுள்ளென்று வெயில். ஆத்தூர் தாண்டியதும் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. "இது என்ன மழையா, மாமியார் கோவமா? வாரதும் தெரியல, போறதும் தெரியல" என்றாள் மனைவி. என் அம்மாவைச் சொல்கிறாளோ என்று கேட்க எனக்கு அன்று தெம்பில்லை.

முகத்துவாரத்தில் கடல் உள்வாங்கிச் சேற்றுத்திட்டு வெளியே தெரிந்தது. புதுத்தண்ணீர் வந்து தாமிரபரணி செம்மண் நிறத்தில் ஓடியது. கடல் பச்சையாக இருந்தது. இரண்டும் உடனே கலந்துவிடவில்லை. நடுவே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை. ஆலாப் பறவைகள் அந்தக் கோட்டின் மேலேயே பறந்து பறந்து நீரில் விழுந்தன. கலங்கலில் வந்த மீன் உப்பு பட்டதும் திணறுமோ? அல்லது தெளிந்த பக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியுமோ? அண்ணாச்சியிடம் கேட்டேன். "மீனுகிட்டதான் கேக்கணும்" என்றார்.

அப்போதுதான் திட்டின் மறுகோடியில் அதைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. அதே இடம். அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் தூங்கியது. டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு விலகினேன். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார்.

"ஒடம்பு சரியாத்தான் இருக்கு. அலகக் காணோமே. முழிக்கட்டும், பைய பாப்போம்."

அதற்குள் கிழக்கே கடலை மறைத்துக்கொண்டு மழை வந்தது. உப்பள ஓரத்து ஓலைக்கொட்டகைக்கு ஓடினோம். ஈரத்தலையைத் துவட்டியபடி அண்ணாச்சி என் மனைவியிடம் கேட்டார்:

"தங்கச்சி, அன்னைக்கு நீ பாக்கும்போது அலகு எப்படி இருந்துச்சு?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நான் எங்க அண்ணாச்சி பறவையப் பாத்தேன்? இவுக மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க கல்யாணத்தன்னைக்குக் கூட இவுக அப்படிச் சிரிக்கல. சரி, என்னத்தையோ கண்டுட்டாகன்னு கையெழுத்துப் போட்டேன்."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். நான் மழையைப் பார்த்தேன்.

வந்த வேகத்திலேயே மழை விட்டது. பறவை அதே இடத்தில்தான் நின்றது. அண்ணாச்சி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அது உடம்பைச் சிலிர்த்து அலகை வெளியே எடுத்தது. மெல்லிய அலகு, நுனி மேல்நோக்கி வளைந்தது. கோணமூக்கு உள்ளான். நல்ல பறவைதான், நண்டுதின்னி இல்லை.

அந்த நொடியில்தான் எனக்கே உறைத்தது. போன வாரமும் அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் அலகைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்த அலகை நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுத எழுத, பார்த்தது போலவே ஆகிவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான்.

கையைத் தட்டினால் போதும், பறந்துவிடும். அந்த எண்ணமும் வந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். விலகி மனைவிக்கு இடம்விட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இது மூக்க வச்சு தண்ணிய இப்படியும் அப்படியும் கூட்டிப் பெருக்குது! எதுக்கு?"

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, இது கோணமூக்கன். அன்னைக்கு நான் அலகப் பாக்கவே இல்ல. புத்தகத்தப் பாத்துத்தான் எழுதுனேன்."

அவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்.

"தெரியும்வே. புத்தகத்துல இருக்க வரிய அப்படியே எழுதியிருந்தீரு. நாலு பேரு முன்னால கேட்டா ஒமக்குச் சங்கடம். அதான் இங்கன கூட்டிட்டு வந்தேன்."

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் ஊடே இவ்வளவு தூரம் அந்த மனிதர் பறவைக்காக வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.