தொலைக்காட்சியில் முடிந்த என் முதல் கலியாணம்

மன்னாரில் என் குரலை எல்லோருக்கும் தெரிந்து, முகத்தை யாருக்கும் தெரியாமல் இருந்த காலம்தான் என் நல்ல காலம். உள்ளூர் வானொலியில் காலையில் கடல் நிலவரம், அதன்பின் பிறந்தநாள் வாழ்த்து, அதன்பின் மரண அறிவித்தல் என மூன்றையும் நானே வாசித்தேன். மூன்றுக்கும் மூன்று குரல் வைத்திருந்தேன். ஒருநாள் பிறந்தநாள் குரலிலேயே மரண அறிவித்தலைத் தொடங்கிவிட்டு நடுவழியில் சுதாரித்துக்கொண்டேன். அதை இன்றும் தலைமன்னாரில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்க வந்தார்கள். நடிகர்களுக்கு எங்கள் பேச்சைப் பழக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள், மீன் முதலாளியாக நடிக்க வந்தவர் வெயிலில் மயங்கி விழுந்தார். அவருடைய சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுப் பார்த்தார்கள். சட்டை அளவாக இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

"அண்ணை, செத்தவீடு அறிவிக்கிற மாதிரிக் கதைக்காதேங்கோ" என்று இயக்குநர் அன்று முழுக்கக் கெஞ்சினார். நான் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். அடுத்தடுத்த தொடர்களில் கிராம சேவகர், கண்டிப்பான பள்ளிக்கூட அதிபர், மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தகப்பன் எல்லாம் நான்தான். அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுக்கிற களை ஏதோ என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். தோட்டவெளி பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்திருந்து, "பிள்ளை ஆசைப்பட்டவனுக்கே கட்டிக் குடுங்கோவன், ஏன் அவளைப் போட்டு வதைக்கிறியள்?" என்று கேட்டார். எனக்குக் கலியாணமே ஆகவில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

உண்மையாகவே எனக்குக் கலியாணம் ஆகவில்லை. தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன்பின் யாரும் பேசி வரவுமில்லை, நான் கேட்கவுமில்லை. தனிமை எனக்குப் பிடித்தது என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன். அதை யாரும் நம்பியதாக எனக்கு நினைவில்லை.

குளக்கட்டில் படம் பிடிக்க அனுமதி கேட்டு நானாட்டான் பிரதேச செயலகத்துக்குப் போனபோதுதான், விண்ணப்பம் வாங்கும் மேசையில் அவளைக் கண்டேன். விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே, "தொழில் எண்ட இடத்தில கலைஞர் எண்டு எழுதியிருக்கிறியள். உப்பிடி எல்லாரும்தான் எழுதுகினம். என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டாள். அந்தக் கந்தோரில் என்னோடு சேர்ந்து நின்று போனில் படம் எடுக்காத ஒரே ஆள் அவள்தான். நாடகம் பார்ப்பதில்லையாம். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அனுமதி கிடைத்த பிறகும் ஏதேதோ சாக்குச் சொல்லி நான்கைந்து முறை நானாட்டானுக்குப் போனேன். ஆறாம் முறை, "இனிச் சாக்குத் தேடாதேங்கோ, வீட்டுக்கு வந்து ஆக்களோட கதையுங்கோ" என்றாள்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. இரண்டாம் ஓலை வாசித்த அன்று மாலை ஃபாதர் தான் தங்கும் அறைவீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு தடை வந்திருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் கருவாடு காயப்போடும் அக்கா ஒருவர் அங்கே கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "இவருக்குக் கலியாணம் முடிஞ்சுது, ஃபாதர். கோயில்ல, பீடத்துக்கு முன்னால. நான் என்ர கண்ணால பாத்தனான்" என்றார்.

அவர் பார்த்தது தொடரில். என் நடிப்பு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு நல்ல வேடம் அது. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்கிறார். கடற்கரைச் சிற்றாலயம் ஒன்றில் உண்மையான பீடத்துக்கு முன் நின்று, உண்மையான வார்த்தைகளைச் சொல்லித்தான் நடித்தோம். மணப்பெண்ணாக வந்தவர் வவுனியாவில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். இத்தனையும் சொல்லியும் அக்கா அசையவில்லை. "நாடகமெண்டாலும் கோயில்தானே? வாயாலதானே சொன்னவர்?" என்று கேட்டார். ஃபாதர் மாற்றலாகி வந்து சில மாதம்தான். வந்த தடையை விசாரிக்காமல் விட அவருக்கு மனமில்லை. எனவே அடுத்த நாள் நான், அவள், அக்கா, ஃபாதர் நான்கு பேரும் அறைவீட்டு மேசையைச் சுற்றி இருந்து, ஃபாதரின் போனில் என் கலியாணத்தைப் பார்த்தோம்.

திரையில் நான் மோதிரத்தைக் கையில் எடுத்து, "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னேன். குரல் மெல்ல நடுங்கியது. ஒரு துளி கண்ணீர் சரியான நேரத்தில் இறங்கியது. அக்கா தானும் மூக்கை உறிஞ்சினார். ஃபாதர் சிரித்துவிட்டு, "மனசில்லாமச் சொன்ன சொல்லு கலியாணம் ஆகாது, அக்கா. தடை இல்லை" என்று முடித்துவைத்தார்.

அவள் எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் நின்று கேட்டாள்.

"நல்லாச் சொன்னனீங்கள். எத்தினை தரம் எடுத்தவை?"

"நாலு."

"நாலு தரமும் கண்ணீர் வந்ததோ?"

பெருமை கண்ணை மறைத்துவிட்டது. "ஓம். நாலாவதுதான் திறமா வந்தது" என்றேன்.

"அப்ப எனக்குச் சொல்லேக்க அஞ்சாந் தரம்" என்றாள். பிறகு மெதுவாக, "நான் கோவத்தில சொல்லேல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு. உங்களுக்கு நினைச்ச உடன கண்ணீர் வருது. எது மெய்யெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அந்தக் கிழமை முழுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போனில் கதைத்தால், இரண்டாவது வசனத்திலேயே குரல் தானாகத் தாழ்ந்து உருகத் தொடங்கிவிடும். "இது எந்த நாடகத்தில?" என்பாள். உருகாமல் கதைத்தால் கடல் நிலவரம் வாசிப்பதுபோல எனக்கே கேட்டது. இத்தனை வருடம் இந்தக் குரலை வைத்துப் பிழைத்தவனுக்கு, சொந்தத் தேவைக்கென்று ஒரு குரல் மிஞ்சவில்லையே என்று ஒருநாள் தனியே இருந்து அழுதேன். அழும்போதும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பழக்கதோசம்.

சனிக்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. 'ஓலையை வாசிக்கச் சொல்லுங்கோ. மிச்சத்தைக் கோயில்ல பாப்பம்.' அவள் வருகிறாள் என்ற சந்தோஷத்தை விட, அந்த மிச்சத்தைப் பற்றிய பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கலியாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. பாதிப் பேர் உறவினர், மீதிப் பேர் தொடர் பார்ப்பவர்கள். அக்கா முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஃபாதர் ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் என் கையில் குளிர்ந்துபோய் இருந்தன. அப்போதுதான் அவள் என்னை விடப் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முயன்றேன். உதடு அசைந்தது. வார்த்தை முழுதாக அசைந்தது. ஒலிவாங்கியில் வெறும் காற்று மட்டும் போனது. கண்ணும் காய்ந்து கிடந்தது.

கோயில் முழுக்கச் சலசலப்பு. "கேக்கேல்ல!" என்று முதல் வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் ஃபாதர்.

அவள் கையை நீட்டி ஒலிவாங்கியை என் வாயிலிருந்து விலக்கினாள்.

"எனக்குக் கேட்டது, ஃபாதர்" என்றாள். "அதுவே காணும்."