தீபாவளி இல்லாத வருஷத்துப் பேய்கள்

எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி கிடையாது என்று அம்மா சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய தாத்தா தவறிட்டாரு. பங்காளி சாவு. ஒரு வருஷத்துக்கு நமக்கு நல்லநாளு பெருநாளு ஒண்ணும் இல்ல" என்று குழாயைப் பார்த்தே சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. பெரிய தாத்தா என்பவர் அப்பாவுடைய அப்பாவுக்குச் சித்தப்பா மகன். எங்கோ வடக்கே கெடா மாநிலத்தில் இருந்தார். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒரு கிழவர் எங்கள் மத்தாப்பையும் புதுச் சட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று எனக்கு அவர்மேல் மகா கோபம்.

கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிப் படுத்திருந்த அப்பா, "அவரு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே லா" என்று மெதுவாக இழுத்தார்.

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா? சும்மா இருங்க" என்றாள் அம்மா.

இது என் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன? பெரியவர்கள் பேச்சில் பாதி எனக்கு அப்போது வெறும் சத்தம்தான்.

இன்று எனக்கும் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருப்பதில்லை. அதனால் அன்றைக்கு அம்மா ஏன் முகத்தைக் காட்டாமல் பேசினாள் என்று தெரிகிறது. பக்கத்து ஊரான சுவாவுக்குப் போகும் சாலையில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அப்பாவின் முட்டி உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. லாரி ஓட்டினால்தான் அவருக்குச் சம்பளம். அம்மாவின் கம்பெனியிலோ ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, குலை வெட்ட வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு, வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் மிஞ்சியது ஏழு தமிழ்க் குடும்பங்கள். ஏழு வீட்டுக்கு நடுவில் எதையும் ஒளிக்க முடியாது. ஒரு வீட்டில் முறுக்குச் சுடவில்லை என்றால் மற்ற ஆறு வீட்டுக்கும் மூக்கே சொல்லிவிடும். கையில் காசில்லை என்று தெரிந்தால் 'ஐயோ பாவம்' என்பார்கள். அந்த 'ஐயோ பாவம்' அம்மாவுக்கு ஆகாது. துக்க வீடு என்றால் யாரும் பாவப்படமாட்டார்கள், மரியாதையாகத் தள்ளி நிற்பார்கள். அம்மாவுக்கு அந்த வருஷம் ஒரு சாவு தேவைப்பட்டது. பழைய சாவாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் அப்பாவின் காலைக் காட்டச் சிரம்பானுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் அரைநாள் போனது. திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ள, ஒரு பெரிய கடைத் தொகுதிக்குள் ஒதுங்கினோம். உள்ளே எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் பூசணிக்காய், கறுப்புச் சிலந்தி, ஆளுயர எலும்புக்கூடு. தம்பி எலும்புக்கூட்டின் விரலைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான். ஆங்கில டீச்சர் வகுப்பில் ஹாலோவீன் பற்றிச் சொல்லித் தந்தது எனக்கு நினைவிருந்தது. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போவார்கள், போகிற வீட்டில் எல்லாம் மிட்டாய் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். பஸ்ஸில் வரும்போது தம்பி வெகுநேரம் யோசித்துவிட்டு, "ம்மா, ஹாலோவீனுக்கும் துக்கம் உண்டா?" என்று கேட்டான்.

மூன்று மாதத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "கேக்கறான்ல, பதில் சொல்லு. பேய்ப் பண்டிகைக்கு ஏது துக்கம்?" என்றார். அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே, "என்னமோ செய்ங்க. எங்கிட்டக் காசு மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

காசு கேட்காமல் பேயாக முடியும் என்று அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். தம்பிக்கு அப்பாவின் காலில் சுற்றிக் கழற்றிய பழைய பேண்டேஜ் துணி. துவைத்துக் காய வைத்திருந்ததை அப்படியே கழுத்து முதல் கணுக்கால் வரை அப்பாவே சுற்றிவிட்டார். எனக்கு அம்மாவின் கம்பெனி உடுப்பு. தூசு படக்கூடாத அறையில் வேலை செய்பவர்கள் தலையோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் வெள்ளை உடுப்பு அது. கிழிந்து கழித்துப் போட்ட ஒன்றை, தரை துடைக்க ஆகும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கையையும் காலையும் மடித்து ஊக்கு குத்தி, முகத்தில் பவுடரை அப்பினால் நானும் பேய்தான்.

பூசணிக்காய்தான் இடித்தது. முழுசாக வாங்கக் கட்டாது. அம்மா பாசாரில் பாதிதான் வாங்கி வந்தாள், அதுவும் கூட்டு வைப்பதற்கு. உள்ளே இருப்பதைச் சுரண்டி அவளிடம் கொடுத்துவிட்டு, அப்பா ஓட்டில் ஒரு கண்ணும் பாதி வாயும் வெட்டினார். அரை முகத்தைப் பார்த்ததும் தம்பி அழ ஆரம்பித்தான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சவரக் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, வாசலில் சுவரோடு நிறுத்தி, பாதியாக அறுபட்டிருந்த பக்கத்தை அதோடு ஒட்டி வைத்து உள்ளே மெழுகுவர்த்தியை ஏற்றினார். பாதிப் பூசணி முழுப் பூசணியாகி இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா, பையைத் தோளில் மாட்டியபடியே நின்று பார்த்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் வருஷம் முழுக்கப் பேயாக இருக்கத் தயாராக இருந்தேன்.

ஆனால் நாங்கள் கிளம்பும்போது அவள் முகம் மாறிவிட்டது. "வூடு வூடா போயிக் கையேந்தப் போறீங்களா?" என்றாள். "வெளையாட்டு லா" என்றார் அப்பா. கடைசியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "யாரு என்னா கேட்டாலும் துக்கம்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு பேச்சுப் பேசாத, தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில் விடை சொல்லிப் பாராட்டு வாங்குகிறவள் நான். அந்த ஆபத்தை அம்மா யோசிக்கவில்லை.

மணி ஆறரை இருக்கும். முதல் வீடு வேதக்காரர் வீடு. அங்கிருந்த ஆண்ட்டி எங்களைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, இருவர் தலையிலும் கை வைத்து நீளமாக ஜெபித்துவிட்டு, ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் தந்தார். பேய் ஓட்டியதற்குப் பழமா, பேயாக வந்ததற்குப் பழமா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டோம். அடுத்த இரண்டு வீட்டில் பிஸ்கட். தம்பியின் பேண்டேஜ் அவிழ்ந்து மண்ணில் இழுபட, நான் அதைச் சுருட்டிச் சுருட்டி அவன் இடுப்பில் செருகிக்கொண்டே நடந்தேன்.

நாலாவது மண்டோர் வீடு. தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர் மண்டோர். அவர் மனைவியைத்தான் நாங்கள் பெரியம்மா என்போம். லயத்தில் காலையில் ஒன்று நடந்தால் மத்தியானத்துக்குள் சுவா கடைத்தெருவுக்குத் தெரிவது அவரால்தான். அம்மா யாருக்காவது பயந்தாள் என்றால் அந்த வாய்க்குத்தான். வாசலிலேயே எண்ணெய் காயும் வாசனை. கையில் ஜல்லிக்கரண்டியோடு வெளியே வந்த பெரியம்மா, "என்னாங்கடி இது! எந்தச் சுடுகாட்டுலேர்ந்து வர்றீங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நான் ஹாலோவீனை விளக்கினேன். எங்கள் பையில் ஒரு பிடி முறுக்கைப் போட்டுவிட்டு, "உங்க வூட்டுலதான் துக்கம்னாங்களே. யாரு பாப்பா தவறினது?" என்று கேட்டார்.

"பெரிய தாத்தா, பெரியம்மா."

"எப்ப?"

கேள்வி நேரடியாக வந்துவிட்டது. பதில் தெரிந்தும் சொல்லாமல் நிற்க என்னால் முடியவில்லை. "போன வருஷம் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் அன்னிக்குப் பெரியம்மா. ஓட்டத்துல நான் ரெண்டாவதா வந்தேன். கப்பை எடுத்துக்கிட்டு வூட்டுக்கு வந்தா, அப்பா போன்ல அதைத்தான் பேசிட்டிருந்தாரு."

அக்கா மட்டும் பேசுவதா என்று தம்பிக்கும் தோன்றியிருக்க வேண்டும். "அப்புறம் தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆக்கினோம். நீங்ககூட வந்து சாப்ட்டீங்க" என்றான்.

கரண்டியிலிருந்து எண்ணெய் பெரியம்மாவின் கால் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலாக எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். வாசலில் பூசணி எரிந்தது, அதன் பக்கத்தில் நாற்காலியில் நீட்டியிருந்த அப்பாவின் கால் தெரிந்தது. பிறகு, "ஆமா பாப்பா. பெரிய சாவுதான்" என்றார். உள்ளே போய் ஒரு தட்டு நிறைய அள்ளி வந்து, பை கொள்ளாத அளவுக்குக் கொட்டி, கீழே சிந்தாமல் கொண்டுபோகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்தது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். பெரியம்மாவே பெரிய சாவு என்று ஒத்துக்கொண்டார் என்பதைப் பெருமையோடு கடைசியில் வைத்தேன். அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை. பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டாள். "புள்ளைங்களத் திட்டாத" என்றார் அப்பா. அவள் திட்டவே இல்லை. தம்பியை இழுத்து எதிரில் நிறுத்தி, பேண்டேஜை அவிழ்த்து, தலையைக் குனிந்தபடி சுருட்ட ஆரம்பித்தாள். அந்தத் துணி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பூசணியின் முகம் தோலோடு சாம்பாரில் கிடந்தது. கண் இருந்த துண்டு யாருக்கு என்று நாங்கள் சண்டைகூடப் போடவில்லை. அடுத்த நாலு நாளும் அம்மா மண்டோர் வீட்டைத் தாண்டாமல், பின்பக்கம் செம்பனைக்குள் புகுந்து கம்பெனி பஸ்ஸுக்குப் போனாள். அந்த வழியில் சேறு. திரும்பி வந்து, விளக்கைக்கூடப் போடாமல் காலணியைக் கழுவுவாள். வாசலில் யாராவது பேசினால் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். இதெல்லாம் வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் பயந்தது நடந்தது. பெரியம்மா எங்கள் வீட்டை நோக்கி, லயத்தின் நடுவழியாகவே வந்தார். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்று சேலை இல்லாத தோளில் முந்தானையைத் தேடினாள். துண்டு ஒன்றுதான் கையில் கிடைத்தது. பெரியம்மாவின் இடுப்பில் ஒரு பெரிய பிஸ்கட் டின். ஆறு வீட்டுக்கும் கேட்கும் குரலில், "துக்க வூட்டுல எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாது. நாங்கதான் கொண்டாந்து குடுக்கணும். அதான மொறை? எல்லார் வூட்டுலயும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். டின்னை அம்மா கையில் வைத்தார். "புள்ளைங்களுக்குத் துக்கம் கெடையாது. நாளைக்கு ரெண்டும் நம்ம வூட்டுல பசியாறட்டும்."

"அக்கா..." என்றாள் அம்மா.

"நீ பேசாத. வருஷம் முடியற வரைக்கும் பேசாத" என்றார் பெரியம்மா.

அம்மா டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். பார்த்தே இராத தாத்தாவுக்காக அம்மா இவ்வளவு அழுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருட்டுவதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் வந்தன. அதிரசம், நெய் உருண்டை, வேதக்கார ஆண்ட்டியின் வீட்டிலிருந்து கேக். எங்கள் வீட்டில் அவ்வளவு பலகாரம் அதற்கு முன் இருந்ததே இல்லை. எல்லாம் ஹாலோவீனுக்கு நாங்கள் போட்ட வேஷத்தின் பலன் என்று நானும் தம்பியும் முடிவு செய்துகொண்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, தோட்டத்தைக் காண்டிராக்டரிடம் விட்டபோது மண்டோருக்கு வேலை போயிற்று. அந்த வருஷம் பெரியம்மா வீட்டில் எண்ணெய் வாசனை வரவில்லை. ஜொகூரில் யாரோ பங்காளி தவறிவிட்டாராம், தீபாவளி இல்லையாம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் வந்தவள் படுக்கவே இல்லை. கண் எரிய எரிய உட்கார்ந்து மத்தியானம் வரை முறுக்குப் பிழிந்தாள். அதே பிஸ்கட் டின்னை நிரப்பி என்னிடம் கொடுத்தாள்.

"யாரும்மா செத்தது?" என்று கேட்டேன்.

"யாரோ. நீ போயிக் கேக்காத. குடுத்துட்டு வா."

எனக்கு அப்போது பதினோரு வயது. துக்க வீட்டில் ஒரு வார்த்தையாவது ஆறுதலாகப் பேச வேண்டும் என்ற அளவுக்கு நாகரிகம் தெரிந்திருந்தது. பெரியம்மா கதவைத் திறந்ததும் டின்னை நீட்டி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பெரிய சாவா பெரியம்மா?" என்றேன்.

அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "ஆமாண்டி பாப்பா. ரொம்பப் பெரிய சாவு" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். ஒருவர் செத்துப்போயிருக்கும்போது இப்படியா சிரிப்பது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புகார் சொல்லலாம் என்று பார்த்தால், அவள் அடுப்புப் பக்கத்திலேயே, மாவுக் கையோடு தூங்கிப் போயிருந்தாள்.